ஒரு மாதம் அயர்ன் டிராப்ஸ் கொடுத்தும் ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கிறது: பதில்

உங்கள் பையனுக்கு இரும்புச்சத்து மருந்தைப் பாலில் கலந்து கொடுப்பதாகச் சொல்கிறீர்கள்; அதை இன்றே நிறுத்துங்கள். பாலிலுள்ள கால்சியமும் புரதமும் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, கொஞ்சம் சாத்துக்குடிச் சாறோடு கொடுங்கள். சரியாகச் சேர்ந்திருந்தால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏறியிருக்கும்.

ஒன்றரை வயதுப் பையன் தினம் ஒரு லிட்டர் பசும்பால் குடிக்கிறான் என்கிறீர்களே, பெரும்பாலும் காரணமே அதுதான். பாலில் இரும்பு மிகக் குறைவு. அதிலேயே வயிறு நிறைந்துவிட்டால் பருப்பும் முட்டையும் எப்படி இறங்கும்? 400-500 மில்லியோடு நிறுத்துங்கள். இரண்டு நாள் அழுவான், அப்புறம் பசித்துச் சாப்பிடுவான். ஈரல் சாப்பிடும் வீடு என்றால் வாரம் ஒரு முறை கொஞ்சம் மசித்துக் கொடுக்கலாம்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் ஒன்று பாருங்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) எண்ணை ஆர்.பி.சி. (சிவப்பணுக்களின் எண்ணிக்கை, மில்லியனில்) எண்ணால் வகுங்கள். உதாரணமாக 62, 5.4 என்றிருந்தால் விடை 11.5 வரும். இப்படி 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா மைனராக (பரம்பரையாக வரும் லேசான ரத்தக் குறைபாடு) இருக்கலாம்; ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இது ஒரு குறிப்புதான், முடிவு அல்ல.

ஏறவில்லையே என்று டோஸை நீங்களாகக் கூட்டாதீர்கள். அளவு மீறிய இரும்பு குழந்தைக்கு விஷம், பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள். மலம் கறுப்பாகப் போவது மருந்தால்தான், பயம் வேண்டாம். ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்ட பிறகும் உடம்பின் இரும்புச் சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் மருந்தைத் தொடர வேண்டியிருக்கும். மூச்சு வாங்கினாலோ, சோர்ந்து பால்கூடக் குடிக்காமல் கிடந்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.