கேமரா வாங்குவதற்கு முன் அளவு எங்கே மாறுகிறது என்று பாருங்கள்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில், உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கும் நான்கு இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரங்களுடன் சிறு ஆலை நடத்துகிறேன். வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றுக்கு நைலான் 6 கிளிப் செய்து தருகிறோம். நீளம் 40 மி.மீ.; கூடினாலும் குறைந்தாலும் 0.1 மி.மீ. வரை அனுமதி உண்டு. இங்கே அளந்தபோது சரியாக இருந்த சரக்கு, அளவு கூடிவிட்டதென்று அங்கிருந்து திரும்பி வருகிறது. முழுதாக நிரம்பாத துண்டுகளும் இடையிடையே கலந்து போகின்றன. மேம்பாட்டுக்கென ஒதுக்கிய பணத்தில் கேமரா ஆய்வுக் கருவி வாங்கலாமா?

பதில்: உங்கள் இரண்டு புகார்களுக்கும் காரணம் வேறு. முதலாவதைக் கேமரா தீர்க்காது.

நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். அச்சிலிருந்து விழும்போது அநேகமாக உலர்ந்திருக்கும் கிளிப், காற்றிலுள்ள ஈரத்தை நாள்கணக்கில், வாரக்கணக்கில் உள்வாங்கிப் பருக்கிறது. கண்ணாடி இழை சேர்க்காத நைலான் 6, சாதாரண ஈரப்பதத்தில் நீளத்தில் அரை சதவீதம் வரை கூடக்கூடும். உங்கள் 40 மி.மீ. கிளிப்புக்கு அது 0.2 மி.மீ.; அனுமதித்த கூடுதலைப் போல் இரு மடங்கு. ஆகவே, எந்த நிலையில் அளப்பது என்பதை, அதாவது அச்சிலிருந்து எடுத்த உலர் நிலையிலா அல்லது 23 டிகிரி வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் நிலைப்படுத்திய பின்பா என்பதை, வாடிக்கையாளரிடம் எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். செலவில்லாத இந்த வேலையை முடிக்காமல் எந்தக் கருவி வாங்கினாலும் சரக்கு திரும்பி வந்துகொண்டுதான் இருக்கும்.

அடுத்து, அளக்கும் கையைச் சோதியுங்கள். பத்துத் துண்டுகளுக்கு எண்ணிட்டு, மூன்று பேரிடம் தந்து, எண் தெரியாதபடி ஒவ்வொருவரையும் இரண்டு மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். ஆளாலும் கருவியாலும் வரும் வேறுபாடு அனுமதி வரம்பில் 30 சதவீதத்தைத் தாண்டினால், அந்த அளவை வைத்து நல்லது கெட்டது பிரிக்க முடியாது. வெர்னியரின் தாடை நைலானை அழுத்தினாலே சில நூறில் ஒரு பங்கு மி.மீ. மாறிவிடும்; ஆகவே இந்தப் பாகத்துக்குச் சரியான கோ-நோகோ கேஜ் (அளவு வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பொருத்திப் பார்க்கும் கருவி) ஒன்று செய்து வைப்பது நல்லது.

ஆலை மேம்பாட்டில் நான் முதலில் கை வைப்பது தண்ணீரில்தான். பாலாற்றங்கரைக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு, அச்சின் குளிர்நீர்த் துளைகளிலும் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. அச்சு சூடேறினால் நைலான் மெதுவாக இறுகி அதிகம் சுருங்கும். ஒரே அச்சில் காலைச் சரக்கும் மாலைச் சரக்கும் வேறு அளவில் வருவதற்கு இது ஒரு காரணம். உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் வெப்ப வேறுபாடு மூன்று டிகிரிக்கு மேல் இருந்தால் ஓட்டம் போதவில்லை என்று கொள்ளலாம். துளைகளைச் சுத்தம் செய்து, மென்னீரை மூடிய சுற்றில் ஓடவிடுங்கள்.

பிறகு டிரையர். வெளிக்காற்றையே சூடாக்கி ஊதும் ஹாப்பர் டிரையர், ஐப்பசி கார்த்திகை மழையில், உருக்குவதற்கு முன் நைலான் மணிகளை உலர்த்தப் போதாது. ஈரம் நீக்கிய காற்றை 80 டிகிரியில் ஊதும் வகை வேண்டும். உலர்ந்ததா என்று ஐயம் இருந்தால், 1968-இல் சென்னையில் தொடங்கிய மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டின் கிண்டி வளாகத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

நிரம்பாத துண்டுகளுக்கு, ஒவ்வொரு ஷாட்டிலும் (அச்சை ஒரு முறை நிரப்புவதிலும்) இயந்திரத் திருகின் முன் மிஞ்சும் மெட்டீரியலின் அளவை இயந்திரத் திரையில் கவனியுங்கள். அது நிலையாக இல்லாவிட்டால் உருகிய நைலான் பின்வாங்காமல் தடுக்கும் செக் வால்வு தேய்ந்திருக்கலாம். நூறில் ஒரு கிராம் காட்டும் தராசில் ஒவ்வொரு ஷாட்டிலும் வரும் துண்டுகளை எடை போட்டாலும் குறை தெரிந்துவிடும்.

இவற்றுக்குப் பிறகும் குறை தங்கினால் கேமராவைப் பாருங்கள். 50 லட்சம் புள்ளிக் கேமரா, 60 மி.மீ. அகலத்தைப் பார்க்கும்போது ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 0.025 மி.மீ. ஆகும். நிரம்பாத முனையைப் பிடிக்க இது தாராளம்; மொத்தம் 0.2 மி.மீ. அனுமதி வரம்பை அளக்கவோ இழுபறிதான். அளக்கவும் வேண்டுமென்றால் பின்னொளியும், தொலைவு சற்று மாறினாலும் உருவத்தின் அளவை மாற்றாத டெலிசென்ட்ரிக் லென்ஸும் கேளுங்கள். விற்பவர் தம் மாதிரித் துண்டுகளைக் காட்டுவதில் பயனில்லை. உங்கள் சரக்கில் 500 எடுத்து, அறிந்த குறைத்துண்டுகள் 25-ஐ அதில் கலந்து, இருமுறை ஓட்டச் சொல்லுங்கள். எத்தனை குறை தப்பின, எத்தனை நல்லவை தள்ளப்பட்டன என்ற இரு எண்களுக்கும் வரம்பு வைத்து, அதைக் கொள்முதல் ஆணையிலேயே எழுதிவிட்டு முன்பணம் கொடுங்கள்.