மேட்டில் திணறும் மாருதி 800: இன்ஜினைப் பிரிக்கும் முன் பாருங்கள்

கேள்வி: 1997 மாடல் மாருதி 800, கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருக்கிறேன். சேலம் டவுனுக்குள் நன்றாக ஓடுகிறது. ஏற்காடு மலையில் பாதி ஏறியதும் இழுவை குறைந்து திணறுகிறது. ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தால் மறுபடி கொஞ்ச தூரம் இழுக்கிறது. இன்ஜின் வேலை செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். அவசியமா?

பதில்: நிறுத்தி எடுத்தால் இழுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, முக்கியமான தடயம் அதுதான். தேய்ந்த பிஸ்டன் ரிங்கும் கசியும் வால்வும் பத்து நிமிட ஓய்வில் சரியாகாது. அதனால் முதல் சந்தேகம் பெட்ரோல் வரத்தின் மேல்தான். மேட்டில் ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது, காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்ப்பரேட்டரின் மிதவை அறையில் (பெட்ரோல் தேங்கி நிற்கும் சின்னத் தொட்டி) இருக்கும் பெட்ரோல் வேகமாகக் காலியாகிறது. வரத்து அதற்கு ஈடு கொடுக்காவிட்டால் வண்டி திணறும். டவுனில் அவ்வளவு பெட்ரோல் தேவைப்படாததால் குறை வெளியே தெரியாது.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. திணறும் நேரத்தில், பக்கத்தில் இருப்பவரை சோக் நாபை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் குமிழ்) சில விநாடிகள் லேசாக இழுக்கச் சொல்லுங்கள். உடனே இழுவை கூடினால், இன்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் மோசமானால் வேறு பக்கம் தேட வேண்டும்.

அடுத்து, திணறியதும் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போய், அதன் பிறகு வண்டி நன்றாக ஏறினால், டேங்குக்குக் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. அது இல்லையென்றால் பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். பிறகு பம்ப். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்கு வரும் கரன்ட் வயரைக் கழற்றிவிட்டு, கார்ப்பரேட்டருக்குப் போகும் டியூபை ஒரு பாட்டிலில் விட்டு, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் பலமாகப் பீச்ச வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பம்ப் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) போயிருக்கலாம். டேங்கிலிருந்து வரும் டியூபிலும் அடைப்போ விரிசலோ இருக்கலாம். இன்ஜின் ஆறிய பின், திறந்த வெளியில் மட்டும் இதைச் செய்யுங்கள். ஆயில் குச்சியையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் அளவும் கூடியிருந்தால் டயாஃப்ரம் கிழிந்து உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியே ஓட்டினால் பேரிங் வீணாகும்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. இந்த வயது வண்டியின் ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டியூப் ஊறி உப்பும், உள்பக்கம் உரியும். அந்தத் துணுக்கு போய் கார்ப்பரேட்டரின் மெயின் ஜெட்டில் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளை) உட்காரும். ஜெட்டைக் கழற்றினால் கார்ப் கிளீனரும் காற்றும் போதும். கம்பியால் குத்த விடாதீர்கள், துளை பெரிதானால் மைலேஜ் போயே போய்விடும்.

பெட்ரோல் பக்கம் சரியாக இருந்தால் பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸை (இன்ஜின் உறிஞ்சும் காற்றால் ஸ்பார்க் நேரத்தை முன்னே நகர்த்தும் பாகம்) பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அதன் டியூபை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர வேண்டும், டியூபின் வாயை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். காற்று தாராளமாக வந்தால் டயாஃப்ரம் ஓட்டை. அப்புறம், ஒருவர் பெடலை முழுக்க மிதிக்க, நீங்கள் பானெட்டுக்குள் பாருங்கள். கேபிள் தொய்ந்து, த்ராட்டில் (பெடலை மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) முக்கால் மட்டுமே திறக்கும் வண்டிகளுக்கும் இன்ஜின் வேலை செய்திருக்கிறார்கள்! பிரேக் பிடித்துக்கொண்டு ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதா, இன்ஜின் இரைச்சல் ஏறியும் வேகம் ஏறாமல் கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். மெல்லிய காற்றால் அங்கே எந்தக் கார்ப்பரேட்டர் வண்டிக்கும் சுமார் 15 சதவீதம் சக்தி குறையும். அது இயல்பு, அதற்காக ட்யூனிங்கை மாற்றாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம். இன்ஜின் சூடாக இருக்க, மூன்று பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து அளக்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய சமமாக, குறையாமல் இருந்தால் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ஒன்று மட்டும் குறைந்தால், அந்தத் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அதற்கு ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், சிலிண்டரைக் கடையும் போர் வேலை வரை போக வேண்டியதில்லை.