கேள்வி நேரம்: தேயிலைத் தூருக்குள் இரண்டு கறையான்கள்

கேள்வி: பலாங்கொடையில் சிறு தேயிலைத் தோட்டம். கவ்வாத்து (கிளை குறைப்பு) வெட்டியபோது சில தூர்களுக்குள் கறையான். மண்ணுக்கு மருந்து ஊற்றியும் குறையவில்லை. நுவரெலியாப் பக்கம் வரும் கறையானும் இதுதானா?

பதில்: மருந்துக் காசு வீண். இவற்றுக்கு மண்ணே தேவையில்லை. புற்று வைக்காமல், உயிருள்ள தண்டுக்குள்ளேயே தின்று பெருகும். பட்டை மேல் மண்பூச்சு தெரிந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் வேறு கறையான்.

தாழ்நிலத் தோட்டங்களில் வருவது கிளிப்டோடெர்மஸ் டைலட்டேட்டஸ். மலைநாட்டில் போஸ்ட்எலெக்ட்ரோடெர்மஸ் மிலிட்டாரிஸ். அடையாளம் காண, கூட்டத்தைக் காக்கும் படைவீரர்களைப் பாருங்கள். மற்றவை வெளிறிய புழுக்கள் போலத்தான் இருக்கும். முதலாவதின் வீரன் சிறியது, தலை உருளை, முன்பக்கம் செங்குத்து, தாடை குட்டை. மற்றதன் வீரன் நன்றாகப் பெரியது, தாடை நீளம்.

கேள்வி: ஈசல் எப்படி உள்ளே போகிறது? எப்படித் தடுப்பது?

பதில்: தாழ்நிலக் கறையானுக்கு வாசல் செத்த மரம்தான். கவ்வாத்தில் விட்ட மொட்டைக் குச்சி, வெயில் பட்டு வெடித்த வாது (கிளை), துளைவண்டு துளைத்து அழுகிய இடம் ஆகியவற்றில் ஈசல் சோடி குடியேறி, பிறகு உயிர்மரத்துக்கு இறங்கும். உள்ளே குடைந்த வளை தெரிவதற்குள் சில ஆண்டுகள் ஓடிவிடும். ஆகவே வேலை முழுவதும் கவ்வாத்தில்தான்.

வெட்டுமுன் பென்சில் தடிமன் வேரைக் குறுக்கே நறுக்கி அயடீன் கரைசலில் நனையுங்கள். கருநீலமானால் மாச்சத்து போதும். மஞ்சளாகவே நின்றால் கொழுந்து பறிப்பதை நிறுத்திச் செடிக்கு ஓய்வு கொடுங்கள். அப்படியே வெட்டினால் வாது நுனியிலிருந்து காயும், அங்கே ஈசல் இறங்கும். வறட்சியிலும் வெட்டாதீர்கள். வெட்டு சாய்வாக, பிளவில்லாமல், நல்ல மரம் தெரியும் வரை இருக்கட்டும். தடித்த வெட்டுவாய்க்குக் காயப்பூச்சு, வெற்றுத் தூருக்கு வெட்டிய கிளைகளால் நிழல். கூலி மிச்சம் என்று அழுகலை விட்டுவைப்பதுதான் பெரிய செலவு.

கேள்வி: கறையான் இருந்த வாதை மட்டும் வெட்டினால் போதாதா?

பதில்: வளை அந்த வாதோடு நின்றிருந்தால் போதும். கீழே கொஞ்சம் மிஞ்சினாலும், ராணி செத்தும் கூட்டம் சாகாது; எஞ்சியவற்றிலிருந்தே புது ராணி உருவாகும். வேர்க்கழுத்து வரை ஓட்டை என்றால் தூரைத் தடித்த வேர்களோடு பிடுங்கி எரியுங்கள். தோட்டத்திலேயே குவித்தால் அதிலிருந்தும் ஈசல் கிளம்பும்.

கேள்வி: புழுவை விட்டு அழிக்கலாமாமே?

பதில்: தாழ்நிலக் கறையானுக்கு ஹெட்டரோராப்டைடிஸ் என்ற நுண்புழு நன்றாக வேலை செய்ததை 1987இல் வெளியான இலங்கை ஆய்வு காட்டியது. வளைக்குள் ஈரமும் இருட்டும் இருப்பதால் புழு பிழைக்கிறது. புழு கலந்த கரைசலை வளைவாய்க்குள் ஊற்ற வேண்டும். இலையில் தெளித்தால் வெயிலில் செத்துவிடும்.