பார்க்கப் போகிறவரின் கையிலும் வழக்கு இருக்கிறது

கேள்வி: ஐயா, நாங்கள் சம்பூர்ப் பக்கம். என் கணவர் கடற்றொழில் செய்கிறவர். வலை வெட்டுப்பட்ட பிரச்சினையில் வாய்த்தர்க்கம் முற்றி, பக்கத்து வாடிக்காரரைத் துடுப்பால் அடித்துவிட்டார். அவருக்குத் தலையில் தையல், கையெலும்பும் முறிந்துவிட்டது. மூதூர் நீதிமன்றம் என் கணவரை விளக்கமறியலில் வைத்து இன்றைக்கு 38 நாள். திருகோணமலைச் சிறையில் இருக்கிறார். எனக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஏழு வயது. "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வராதே" என்கிறார். அடிபட்டவர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்தால் வழக்கை வாபஸ் வாங்குவார்கள் என்று மாமி சொல்கிறா. ஊரில் ஒருவர், 25,000 ரூபா தந்தால் உள்ளே ஒரு போன் கொடுத்துத் தினமும் கதைக்க வைக்கிறேன் என்கிறார். என்ன கொடுக்கலாம், என்ன செய்யக் கூடாது, பிணை எப்போது கிடைக்கும், ஒன்றும் விளங்கவில்லை.

பதில்: தங்கச்சி, போன் கதையிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சிறைக்குள் கைபேசி தடைசெய்யப்பட்ட பொருள். கொடுத்தவருக்கும் வழக்கு, வைத்திருந்தவருக்கும் வழக்கு. இப்போது உங்கள் கணவர் மேல் இருப்பது ஒரு அடிதடி வழக்கு. போன் பிடிபட்டால் அது இரண்டாகும். அதற்குப் பிறகு என்னைப் போன்ற ஒரு சட்டத்தரணி நீதவான் முன்னால் நின்று "எனது கட்சிக்காரர் நல்ல நடத்தையுள்ளவர்" என்று எந்த வாயால் சொல்வது? அந்த 25,000 ரூபா, பிணையாளிகளைக் கூட்டிவரும் வான் கூலிக்கும் கடிதங்களுக்கான அலைச்சலுக்கும் தேவைப்படும். வைத்திருங்கள்.

அடுத்தது மாமியின் யோசனை. தாய் மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் நீங்கள் போகவே கூடாது. நீங்கள் அழப் போனாலும், அங்கே இருக்கிற ஒரு மைத்துனர் "வந்து மிரட்டினா" என்று பொலிஸில் சொன்னால் முடிந்தது கதை. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தில் பிணையை மறுக்கச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, சந்தேகநபர் சாட்சிகளில் தலையிடுவார் என்பது. அதுவும் போதாதென்று, பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதில் மாட்டினால் உள்ளே போவது நீங்கள். மன்னிப்புக் கேட்கவும் வைத்தியச் செலவைக் கொடுக்கவும் உண்மையான விருப்பம் இருந்தால், அது சட்டத்தரணி ஊடாக, மற்றப் பக்கத்துச் சட்டத்தரணியோடு பேசி, மன்றுக்குத் தெரிந்தபடி நடக்கட்டும். அப்படிச் செய்தால் வழக்கே அழிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஆனால் பிணை கேட்கும்போதும், பின்னால் தண்டனை பற்றிப் பேசும்போதும் அது எடுபடும்.

இனிப் பார்க்கப் போகிற விஷயம். உங்கள் கணவர் இன்னும் குற்றவாளி இல்லை, சந்தேகநபர். 1877ஆம் ஆண்டுச் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம் இந்த இரண்டு வகையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. விளக்கமறியலில் உள்ளவர் தன் உடுப்பையே உடுத்தலாம், வீட்டுச் சாப்பாட்டையும் பெறலாம். தண்டனை பெற்றவரைவிட அடிக்கடி அவரைப் பார்க்கவும் முடியும். எந்த நாள், எத்தனை மணி, ஒரு தடவைக்கு எத்தனை பேர் என்பது அந்தந்தச் சிறை நடைமுறை. அதை ஊரில் விசாரிக்காமல் வாசலிலேயே கேளுங்கள். உள்ளே நலன்புரி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். அவரைச் சந்தித்து உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து வையுங்கள். அடையாள அட்டையை மறந்துவிட்டுப் போய், கொதிக்கிற வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

சாப்பாடு கொடுப்பதென்றால் கொஞ்சம் யோசித்துக் கட்டுங்கள். பார்சலைத் திறந்து கரண்டியால் அடி வரைக்கும் கிளறுவார்கள். என்னிடம் வந்த ஒரு தாய், மகனுக்குப் பிடிக்குமென்று புட்டுக்கு நடுவில் கணவாய்க் கறியைப் பொதிந்து வாழையிலையில் கட்டிக்கொண்டு போனா. அதைக் கண்ட காவலருக்குச் சந்தேகம் வந்து, பொதி முழுவதையும் பிரித்துக் கொட்டி, கடைசியில் மகனுக்குப் போனது ஒரு கூழ். அந்தத் தாய் என் மேசைக்கு முன்னால் இருந்து அழுதது வழக்குக்காக இல்லை, அந்தப் புட்டுக்காக. சோறு வேறு, கறி வேறாக, முள்ளெடுத்த மீனாக, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பாத்திரத்தில் கொண்டுபோங்கள். சவர்க்காரத்தை வெட்டிப் பார்த்தாலும் சட்டையின் தையலைத் தடவிப் பார்த்தாலும் முகம் சுளிக்காதீர்கள், அது அவர்கள் வேலை. அவருக்குச் சீனி, பிரஷர் ஏதாவது இருந்தால் குளிசையை நேரே கொடுக்க முயலாமல், கிளினிக் கொப்பியைச் சிறை வைத்திய பகுதிக்குக் காட்டச் சொல்லுங்கள்.

கம்பி வலைக்கு இரண்டு பக்கமும் நின்று சத்தமாகக் கதைக்கும்போது, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும். ஆகவே வழக்கை அங்கே கதைக்காதீர்கள். "நீ அடிக்கேல்லை எண்டு சொல்லு", "துடுப்பு எங்க போச்சு", இந்த மாதிரிப் பேச்சு எதுவும் வேண்டாம். கடிதத்திலும் எழுத வேண்டாம், ஏனென்றால் கடிதம் அவர் கைக்குப் போகுமுன் வாசிக்கப்படும். வழக்கைப் பற்றி அவர் பேச வேண்டியது சட்டத்தரணியோடு. அந்தச் சந்திப்பைக் காவலர் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கக் கூடாது. நீங்கள் கதைக்க வேண்டியது எஞ்சினை யார் பார்க்கிறார்கள், முதலாளிக்குக் கட்ட வேண்டிய காசு எவ்வளவு, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா என்பவை. போகும் ஒவ்வொரு முறையும் இன்னொரு வேலையும் செய்யுங்கள். அவர் முகத்தில் வீக்கம் இருக்கிறதா, நொண்டுகிறாரா, மெலிந்துவிட்டாரா என்று கவனித்துத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். ஏதாவது நடந்திருந்தால் சட்டத்தரணி மன்றில் சொல்வார். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம், 1996 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அப்போது "அண்டைக்கு ஒருநாள்" என்று சொல்வதைவிட உங்கள் கொப்பி பெறுமதியானது.

பிள்ளைகள் விஷயம் சட்டமில்லை, என் அபிப்பிராயம். அவர் வெட்கத்தில் சொல்கிறார். ஏழு வயதுப் பிள்ளைக்கு "அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டார்" என்ற பொய் இரண்டு மாதம்தான் தாங்கும், பள்ளிக்கூடத்தில் யாரோ உடைத்துவிடுவார்கள். உண்மையை நீங்களே சொல்லிவிட்டு, அவர் சம்மதித்தால் ஒருமுறை கூட்டிப் போங்கள். தீபாவளியோடு இந்துக் கைதிகளின் குடும்பங்களுக்குச் சிறைச்சாலைத் திணைக்களம் விசேட பார்வைக்கு ஒழுங்கு செய்வது வழக்கம். முதல் தடவைக்கு அந்த நாள் நல்லது. அதுவரைக்கும் மூத்தவள் கீறுகிற படங்களைக் கடிதத்தோடு வைத்து அனுப்புங்கள்.

பிணைக்கு வருவோம். எலும்பு முறிவு தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவின்படி கடுங்காயம். அதனால்தான் முதல் தவணையிலேயே விடவில்லை. ஆனால் இது நீதவானே பிணை கொடுக்கக்கூடிய குற்றம். பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு என்று சட்டமே சொல்கிறது. இப்படிப்பட்ட வழக்கில் நீதவான் முதலில் கேட்பது, அடிபட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியிலா, சட்ட வைத்திய அறிக்கை வந்துவிட்டதா என்பதைத்தான். அவர் வீடு திரும்பியிருந்தால் உடனே சட்டத்தரணிக்குச் சொல்லுங்கள். தவணை வரும் வரை காத்திராமல் நகர்த்தல் பத்திரம், அதாவது வழக்கை முன்கூட்டியே எடுக்கும்படி மன்றைக் கேட்கும் விண்ணப்பம், போட்டு வழக்கைக் கூப்பிடலாம். மூதூரில் மறுத்தால் மேல் நீதிமன்றம் இருக்கிறது. பிணைச் சட்டத்தின்படி 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமென்றால் மேல் நீதிமன்ற உத்தரவு வேண்டும். உங்கள் வழக்கு அவ்வளவு தூரம் போக நான் காரணம் காணவில்லை.

பல வீடுகளில் பிணை கிடைத்தும் ஆள் வெளியே வராததற்குக் காரணம் நீதவான் இல்லை, பிணையாளி. கட்டளை கிடைத்த பிறகுதான் ஆள் தேடுவார்கள். இன்றைக்கே இரண்டு பேரைப் பேசி வையுங்கள். நிரந்தர வருமானம் உள்ளவர், வேறு வழக்கில்லாதவர், தவணைக்குத் தவணை சலிக்காமல் வரக்கூடியவர். அவர்களுடைய அடையாள அட்டை, கிராம சேவகரின் வதிவிடக் கடிதம், கேட்டால் கொடுக்கச் சம்பளச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரு உறையில் வையுங்கள். கோட்டு வாசலில் "நான் பிணை நிற்கிறன், காசு தா" என்று வருகிறவர்களை நம்ப வேண்டாம்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். அங்கேயோ பொலிஸிலோ சிங்களத்தில் எழுதிய தாளை நீட்டினால் வாசித்து விளக்கச் சொல்லாமல் கையொப்பம் வைக்காதீர்கள். வடக்குக் கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் இருக்கிறது. கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

பிணைக் கட்டளை மத்தியானத்துக்குப் பிறகு கிடைத்து, கையொப்பங்கள் நேரத்துக்கு முடியாவிட்டால், அவரைத் திரும்பச் சிறை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த நாள் திருகோணமலை வாசலில்தான் நீங்கள் நிற்க வேண்டும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்த பிறகு பயணம் எவ்வளவோ பரவாயில்லை, ஆனாலும் சம்பூருக்குப் பின்னேர பஸ்ஸை நம்ப முடியாது. நகரத்தில் உறவினர் வீடு ஒன்றைச் சொல்லி வையுங்கள். அவருக்கு மாற்றுச் சாரமும் சேட்டும் எடுத்துப் போங்கள்.