பவல் ஏரியின் செம்பாறைகளில் வெள்ளைப் பட்டை எப்படி வந்தது?

அமெரிக்காவின் அரிசோனா, யூட்டா எல்லையில் உள்ள பவல் ஏரியில் படகில் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஏரி ஒரு காலத்தில் எதுவரை நிறைந்திருந்தது என்று காட்டும் சுண்ணாம்புப் படிவுதான் அந்தப் பட்டை.

கொலராடோ ஆற்றின் குறுக்கே கிளென் கேன்யன் அணை கட்டி, 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். 1980இல்தான் ஏரி முதன்முறையாக முழுதாக நிரம்பியது. ஆற்று நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பாறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டது. நீர் இறங்கியதும் அது வெளியே தெரிந்தது. போர் தண்ணீர் பிடிக்கும் வாளியில் உப்புக்கறை படிவது போலத்தான்.

2000க்குப் பிறகு நீண்ட வறட்சி. எடுக்கும் நீரும் வரத்தைவிட அதிகம். 2023 தொடக்கத்தில் நீர்மட்டம் முழு அளவைவிட 170 அடிக்கும் மேல் கீழே இருந்தது. பேஜ் ஊரை ஒட்டி, 89ஆம் எண் நெடுஞ்சாலைப் பாலத்தில் நின்றாலே பட்டை தெரியும். ஆனாலும் படகில் போய்ப் பாறையை ஒட்டி நின்று அண்ணாந்து பாருங்கள். அந்த உயரம் அப்போதுதான் உறைக்கும். நீர் குறைந்தால் சில படகுத் துறைகள் மூடப்படும், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் நினைப்பது போல அது வேறொரு வெள்ளைப் பாறை அடுக்கு அல்ல. படிவுக்கு அடியில் இருப்பதும் இரும்புத் துருவால் சிவந்த அதே மணற்பாறைதான்.