போர்ட்ஃபோலியோ தளத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றுகிறேன். தளமும் மின்னஞ்சலும் தடைபடாமல் மாற்ற முடியுமா?

நீங்கள் கேட்டது இது: பல வருடங்களாக ஒரே ஹோஸ்டிங்கில் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவையில்) இருக்கும் தளத்தை வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டும், தளம் நிற்கக் கூடாது, அந்த டொமைனில் (தளத்தின் பெயரில்) வரும் மின்னஞ்சல் தொலையக் கூடாது, கூகுளில் இருக்கும் இடமும் கெடக் கூடாது. முடியும். ஆனால் கோப்புகளை நகலெடுப்பதில் இருந்து ஆரம்பிக்காதீர்கள்.

என் தளத்தை இதுவரை மூன்று முறை மாற்றியிருக்கிறேன். முதல் முறை பக்கங்கள், படங்கள் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. திறந்து பார்த்து நிம்மதியாக இருந்தேன். பதினோரு நாள் கழித்து, முன்பு என்னிடம் வேலை வாங்கியவர் ஒருவர் போன் செய்து, "ரெண்டு தடவை மெயில் போட்டேன், திரும்பி வந்துடுச்சு" என்றார். அதுவரை எனக்குத் தெரியவே இல்லை. தளம் நன்றாக ஓடியதால் மின்னஞ்சலைப் பற்றி யோசிக்கவும் இல்லை. போர்ட்ஃபோலியோ தளம் வைத்திருப்பதே யாராவது நம் வேலையைப் பார்த்துவிட்டு நமக்கு எழுத வேண்டும் என்பதற்காகத்தான். அந்தப் பதினோரு நாளில் வேறு யாரெல்லாம் எழுதினார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அது இப்போதும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். பழைய ஹோஸ்டிங் நிறுவனம் தளத்தை வைத்திருந்ததோடு டிஎன்எஸ் (டொமைனைத் தேடுகிறவர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரிப் புத்தகம்), மின்னஞ்சல், எஸ்எஸ்எல் சான்றிதழ் (இணைப்பைப் பாதுகாக்கும் அடையாளச் சான்று) எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நேம்சர்வரை, அதாவது டிஎன்எஸ் பதிவுகளைத் தரும் சர்வரை, மாற்றியதும் அந்த வேலைகளும் அங்கிருந்து கழன்றுவிட்டன. தளம் புது இடத்தில் எழுந்தது, மின்னஞ்சல் எழவில்லை. கோப்புகள் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றை யாரும் மறப்பதில்லை. பழைய ஹோஸ்டிங் நமக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்த வேலைகள்தான் மறந்துபோகும்.

அதனால் முதலில் ஒரு காகிதத்தை எடுத்து நான்கு விஷயங்களை எழுதுங்கள். டொமைன் யாரிடம் பதிவாகியிருக்கிறது? டிஎன்எஸ் யாரிடம் இருக்கிறது? கோப்புகள் எங்கே? மின்னஞ்சல் எங்கே? நான்கும் ஒரே நிறுவனத்திடம் இருக்கலாம், நான்கு இடத்தில் தனித்தனியாகவும் இருக்கலாம். நீங்கள் மாற்ற வேண்டியது கோப்புகள் இருக்கும் இடம் மட்டும்தான். டொமைனையும் சேர்த்து மாற்றினால்தான் வேலை முடியும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையே இல்லை. டொமைன் பழைய பதிவாளரிடமே இருக்கட்டும், பின்னால் ஆற அமர மாற்றிக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் செய்தால், ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

அடுத்து, இப்போதுள்ள டிஎன்எஸ் பதிவுகள் அனைத்தையும் ஒன்று விடாமல் நகலெடுத்து வையுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் சரி. ஏ ரெக்கார்ட் தளத்தின் ஐபி முகவரியை, அதாவது சர்வரின் எண் முகவரியைச் சொல்வது. எம்எக்ஸ் ரெக்கார்ட் மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது. நான் தொலைத்தது இதைத்தான். டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் விவரங்கள் (மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) இருக்கும். இவை இல்லாவிட்டால் நீங்கள் அனுப்பும் மெயில் எதிராளியின் ஸ்பேமில் போய் விழலாம், திரும்பியும் வரலாம். கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலுக்காகப் போட்ட சரிபார்ப்பு வரியும் டிஎக்ஸ்டி ரெக்கார்டாக இருக்க வாய்ப்பு உண்டு.

ஏஏஏஏ ரெக்கார்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஐபிவி6 என்ற புதுவகை ஐபி முகவரிக்கானது. ஏ ரெக்கார்டை மாற்றிவிட்டு இதை மறந்துவிட்டால், ஐபிவி6 வழியாக வருகிறவர்கள் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். உங்கள் வீட்டு இணைப்பில் புதுத் தளம் தெரியும், இன்னொருவர் போனில் பழையது தெரியும். இரண்டாவது முறை மாற்றியபோது இதில் ஒரு முழு நாளை விட்டேன். கேஷ், அதாவது பிரௌசர் சேமித்து வைத்த பழைய பிரதிதான் காரணம் என்று நினைத்து பிரௌசரைத் திரும்பத் திரும்ப சுத்தம் செய்துகொண்டிருந்தேன்.

உங்கள் டிஎன்எஸ் பழைய ஹோஸ்டிங்கில் இல்லாமல் பதிவாளரிடமோ கிளவுட்ஃப்ளேர் போன்ற டிஎன்எஸ் சேவையிலோ இருந்தால் வேலை சுலபம். நேம்சர்வரைத் தொடவே வேண்டாம், ஏ, ஏஏஏஏ இரண்டையும் மாற்றினால் போதும். `டபிள்யூடபிள்யூடபிள்யூ` உள்ள முகவரிக்குத் தனிப் பதிவு இருந்தால் அதையும் மாற்றுங்கள். டிஎன்எஸ் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால், புது இடத்தில் எல்லாப் பதிவுகளையும் முதலில் எழுதி முடித்துவிட்டு, பிறகுதான் நேம்சர்வரை மாற்ற வேண்டும். டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிவுகளுக்கான டிஜிட்டல் கையெழுத்துப் பாதுகாப்பு) போட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவாளரிடம் அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க உதவும் பழைய டிஎஸ் ரெக்கார்ட் இருக்கும்போதே நேம்சர்வரை மாற்றினால், கையெழுத்து பொருந்தாமல் பலருக்குத் தளமும் மெயிலும் சேர்ந்தே காணாமல் போகும். முதலில் டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, ஒன்றிரண்டு நாள் பொறுத்து, அப்புறம் மாற்றுங்கள்.

இப்போது டிடிஎல். ஒவ்வொரு டிஎன்எஸ் பதிவோடும் அதை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு எண் இருக்கும். 86400 என்று இருந்தால் ஒரு முழு நாள். அதை 300 ஆக, அதாவது ஐந்து நிமிடமாகக் குறையுங்கள். மாற்றப்போகும் நாளன்று குறைத்துப் பயனில்லை. பழைய எண்ணை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் ஒரு நாள் முழுக்க அதையே பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு நாள் முன்பே குறைத்துவிட்டால் ஏ, ஏஏஏஏ பதிவுகளின் மாற்றம் சில நிமிடங்களில் பெரும்பாலானவர்களுக்குப் போய்ச் சேரும். தவறு நடந்தால் திரும்பிப் போவதற்கும் அதே சில நிமிடம்தான் ஆகும். எனக்கு டிடிஎல் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அந்த இரண்டாவது காரணம்தான் முக்கியம்.

சரி, கோப்புகள். உங்கள் தளம் வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், படங்கள் என்றால் எஃப்டிபி (கோப்புகளை அனுப்பும் முறை) மூலம் இறக்கி ஏற்றினால் முடிந்தது. இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். லினக்ஸ் சர்வரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு. ஒரு படத்தின் பெயர் பெரிய எழுத்தில் முடிந்து, பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தால் உங்கள் கணினியில் தெரியும், சர்வரில் தெரியாது. அடுத்தது, புள்ளியில் தொடங்கும் பெயருள்ள கோப்புகள் பல கோப்பு மேலாளர்களில் மறைந்தே இருக்கும். அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளுக்கான `.எச்டிஅக்செஸ்` அப்படிப்பட்டது. பழைய முகவரியில் இருந்து புது முகவரிக்கு அனுப்பும் 301 வழிமாற்றங்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். புது ஹோஸ்டிங் என்ஜின்எக்ஸ் என்ற வேறு சர்வர் மென்பொருளைப் பயன்படுத்துகிறது என்றால் அந்தக் கோப்பை அது படிக்கவே படிக்காது. வழிமாற்றங்களை அதன் முறைப்படி திரும்ப எழுத வேண்டும்.

உங்கள் தளம் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுகிறது என்றால் கோப்புகளோடு, எழுதியவையும் அமைப்புகளும் சேமிக்கப்பட்டிருக்கும் டேட்டாபேஸும் வர வேண்டும். தற்காலிக முகவரியில் வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு உண்மையான டொமைனுக்கு மாற்றுகிறவர்கள், டேட்டாபேஸ் கோப்பை எடிட்டரில் திறந்து பழைய முகவரியைத் தேடிப் புதியதைப் போடுவதுண்டு. அதைச் செய்யாதீர்கள். வேர்ட்பிரஸ் பல அமைப்புகளைச் சேமிக்கும் விதத்தில், ஒவ்வொரு சொற்றொடருக்கு முன்னும் அது எத்தனை பைட் நீளம் என்ற எண்ணும் பதிவாகியிருக்கும். முகவரி நீளம் மாறி அந்த எண் மாறாமல் இருந்தால் வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியால் அதைப் படிக்க முடியாது. விட்ஜெட், தீம் அமைப்பு எல்லாம் சத்தமில்லாமல் காலியாகிவிடும். வேர்ட்பிரஸின் கமாண்ட் லைன் கருவியில் இருக்கும் தேடி மாற்றும் கட்டளை அந்த எண்ணையும் சேர்த்துத் திருத்தும். டொமைன் மாறாமல் ஹோஸ்டிங் மட்டும் மாறுகிறது என்றால் இந்த வேலையே வேண்டாம், அதற்கு வழி கீழே சொல்கிறேன்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், இமோஜிகள் பெரும்பாலும் 4 பைட். வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் நெடுங்காலமாக `யூடிஎஃப்8` என்ற பெயரில் இருந்த எழுத்துவகை 3 பைட் வரைதான் தாங்கும். 4 பைட்டுக்கு `யூடிஎஃப்8எம்பி4` வேண்டும். வகை தவறினால் தமிழ் பிழைத்துக்கொண்டு, இமோஜி வந்த இடத்தில் பத்தி பாதியில் அறுந்து நிற்கலாம். தளத்துக்கும் டேட்டாபேஸுக்கும் இடையிலான இணைப்பின் எழுத்துவகையே தவறாக இருந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக மாறும். கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் அதில் இருந்து மூலத்தை மீட்க முடியாது. ஆகவே முதலில் எடுத்த பேக்கப்பைத் திறந்து தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பேக்கப்பின் இன்னொரு பிரதியை இரண்டு ஹோஸ்டிங்கிலும் சேராமல் உங்கள் சொந்த டிஸ்க்கில் வையுங்கள்.

டிஎன்எஸ்-ஐ மாற்றுவதற்கு முன்பே புது சர்வரில் தளத்தை உண்மையான முகவரியில் பார்க்க ஒரு வழி உண்டு. ஹோஸ்ட்ஸ் என்ற கோப்பு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இருக்கிறது. அதில் புது சர்வரின் ஐபியையும் உங்கள் டொமைனையும் ஒரே வரியில் எழுதினால், உங்கள் கணினி மட்டும் டிஎன்எஸ்-ஐக் கேட்காமல் நேரே புது சர்வருக்குப் போகும். உலகம் பழையதைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் புதியதில் ஒவ்வொரு பக்கமாகப் போய்ச் சோதிக்கலாம். புதுத் தளத்தின் எச்டிஎம்எல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறிப்பு வரியும் போட்டு வையுங்கள். பின்னால் எந்த சர்வரைப் பார்க்கிறோம் என்ற சந்தேகம் வந்தால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து உறுதி செய்துகொள்ளலாம். சோதனை முடிந்ததும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய வரியை மறக்காமல் நீக்குங்கள்.

இந்தச் சோதனையில் பிரௌசர் சான்றிதழ் எச்சரிக்கை காட்டும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழ்களைப் பெரும்பாலான ஹோஸ்டிங்குகள் தாமாகவே வாங்கித் தருகின்றன. ஆனால் வழக்கமான முறையில் டொமைன் புது சர்வரைக் காட்டத் தொடங்கிய பிறகுதான் அது கிடைக்கும். அந்த இடைவெளி பெரும்பாலும் சில நிமிடம்தான். ஆனால் பழைய தளம் எச்எஸ்டிஎஸ் (பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்க வேண்டும் என்று பிரௌசருக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பியிருந்தால், முன்பு வந்துபோனவர்களின் பிரௌசர் சான்றிதழ் இல்லாத தளத்தைத் திறக்கவே மறுத்துவிடும், எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் பொத்தானும் இருக்காது. அதனால் டிஎன்எஸ் வழிச் சரிபார்ப்பு (டிஎன்எஸ்-இல் ஒரு பதிவைச் சேர்த்து டொமைன் உங்களுடையது என்று காட்டுவது) மூலம் சான்றிதழை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. அந்த வசதி இல்லையென்றால் கூட்டம் குறைந்த நேரத்தில் மாற்றுங்கள்.

தொடர்புப் படிவத்தைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். நிலையான பக்கங்களை மட்டும் தரும் ஹோஸ்டிங்கில் பிஎச்பி ஓடாது, ஆகவே பிஎச்பியில் எழுதிய படிவமும் வேலை செய்யாது. பிஎச்பி ஓடும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் மெயில் வேறு நிறுவனத்தில் இருக்கும். புது சர்வரோ இந்த டொமைனின் மெயில் என்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்து, படிவத்தில் இருந்து வருவதைத் தன்னுள் இருக்கும் காலிப் பெட்டியிலேயே போட்டுக்கொள்ளக்கூடும். அனுப்பியவருக்கு "நன்றி, கிடைத்தது" என்று வரும், உங்களுக்கு எதுவும் வராது. ஹோஸ்டிங்கின் கண்ட்ரோல் பேனலில் மெயில் வெளியே இருக்கிறது என்று குறிப்பிட வேண்டும். படிவத்தை எஸ்எம்டிபி வழியாக, அதாவது உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வர் மூலமாக அனுப்பச் செய்வது இன்னும் நம்பகமானது. மாற்றிய அன்றும், ஒரு வாரம் கழித்தும், வேறு ஒரு முகவரியில் இருந்து மெயில் அனுப்பிப் பாருங்கள், படிவத்தையும் நிரப்பிப் பாருங்கள்.

கூகுளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பக்க முகவரிகள் மாறாத வரை ஹோஸ்டிங் மாறுவது தேடல் முடிவைப் பெரிதாகப் பாதிக்காது. பக்கங்களைப் படிக்க வரும் கூகுள் பாட் சில நாள் குறைவாக வந்து, பிறகு பழைய அளவுக்கு வரும். சர்ச் கன்சோலில் இருக்கும் முகவரி மாற்றக் கருவி டொமைன் மாறுகிறவர்களுக்கானது, அதைத் தொடாதீர்கள். சோதனைக்காக வேர்ட்பிரஸில் தேடுபொறிகளைத் தடுக்கும் பெட்டியில் டிக் போட்டிருந்தால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பழைய கணக்கை ஒரு மாதமாவது வைத்திருங்கள். மெயில் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்து அதையும் மாற்றுகிறீர்கள் என்றால், எம்எக்ஸ் மாற்றுவது இனி வரும் கடிதங்களுக்கு மட்டும்தான். பழைய கடிதங்களை ஐமேப் (சர்வரில் உள்ள மெயிலைப் படிக்கும் முறை) வழியாகத் தனியே நகலெடுக்க வேண்டும். ரத்து செய்யும் முன் பழைய சர்வரின் வருகைப் பதிவேடான அக்செஸ் லாக்கைத் திறந்து, இன்னும் யாராவது வருகிறார்களா, எந்தப் படத்தையோ பிடிஎஃப்பையோ கேட்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் நகலெடுக்க மறந்த ஃபோல்டர் இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ரத்து பொத்தானை அழுத்துவதற்கு முன் இன்னும் இரண்டைப் பாருங்கள். டொமைன் அந்த ஹோஸ்டிங் திட்டத்தோடு இலவசமாகச் சேர்ந்து வந்ததா? அப்படியென்றால் ஹோஸ்டிங்கை நிறுத்தும்போது டொமைன் என்னவாகும் என்று அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிவாளர் கணக்கில் உங்கள் தொடர்பு முகவரியாக எந்த மின்னஞ்சல் இருக்கிறது? அது இதே டொமைனின் முகவரி என்றால் இன்றே வேறு முகவரிக்கு மாற்றிவிடுங்கள். டொமைனில் சிக்கல் வரும் நாளில், பாஸ்வேர்டை மீட்கும் கடிதம் திறக்க முடியாத அந்தப் பெட்டிக்குத்தான் போகும்.