இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிட்னி பாதிப்பை முதல் நாளே ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாதா?

கேள்வி: “அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மறுநாள் காலை கிரியாட்டினின் நார்மல் என்றார்கள். மூன்றாம் நாள் கிட்னி பாதித்திருக்கிறது என்கிறார்கள். முதல் நாளே காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லையா?”

இருக்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்குத் தெளிவான பதிலை அது தராது. இதய அறுவை சிகிச்சை ஐசியூவில் பல வருடம் இரவு டியூட்டி பார்த்தவள் நான். முதல் நாள் காலையில் “கிரியாட்டினின் நார்மல்தான்” என்று எத்தனையோ குடும்பங்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்த எண்ணை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது.

காரணம் இதுதான். கிரியாட்டினின் தசையிலிருந்து ஓரளவு சீராக வந்துகொண்டே இருக்கும் கழிவு, அதை வெளியேற்றுவது கிட்னி. குழாய் திறந்திருக்கிற தொட்டியின் வடிகால் அடைத்துக்கொண்டால் உடனே தண்ணீர் வழிந்துவிடுகிறதா? மெல்ல மெல்லத்தான் மட்டம் ஏறும். இதுவும் அப்படித்தான், ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். போதாக்குறைக்கு, ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இயந்திரத்தின் (பம்ப் என்போம்) குழாய்களில் முதலில் திரவம் நிரப்பித்தான் ஓட்டுவார்கள். அது ரத்தத்தோடு கலந்து எல்லாவற்றையும் நீர்த்துப்போக வைக்கும். ஆபரேஷனுக்கு முன் 1.0, அன்று மாலை 0.9, மறுநாள் 1.1, மூன்றாம் நாள் 1.9: இந்த வரிசையைச் சார்ட்டில் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. 0.9 வந்த மாலையிலேயே கிட்னி அடிவாங்கி முடித்திருக்கும்.

சரி, வேறு என்ன இருக்கிறது? அதிகம் பேசப்பட்டது என்-கால் (NGAL) என்கிற புரதம். சிறுநீரக நுண்குழாய்ச் செல்கள் அடிபட்டதும் அதை மளமளவென்று உற்பத்தி செய்யும். 2005-இல் லான்செட் இதழில் ஒரு ஆய்வு வந்தது. இதய ஆபரேஷன் ஆன 71 குழந்தைகளில் 20 பேருக்குக் கிட்னி பாதிப்பு வந்தது. கிரியாட்டினின் அதைக் காட்ட ஒன்று முதல் மூன்று நாள் எடுத்துக்கொண்டது. என்-கால் இரண்டு மணி நேரத்திலேயே சிறுநீரிலும் ரத்தத்திலும் ஏறிவிட்டது. மாரடைப்பைக் காட்டிக்கொடுக்கும் ட்ரோப்போனின் ரத்தப் பரிசோதனை மாதிரி கிட்னிக்கும் ஒன்று கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரே உற்சாகம்.

பெரியவர்களிடம் வந்தபோது கதை அவ்வளவு சுலபமாக இல்லை. நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்களிலும் இதே புரதம் இருக்கிறது. பெயரின் முதல் எழுத்தே அதிலிருந்து வந்ததுதான். தொற்று இருந்தால் ஏறும், உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும், பம்ப்பில் ரத்தம் ஓடியதற்கே ஏறும், ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருந்தாலும் ஏறும். ஆகவே ரத்தத்தில் கூடியிருக்கிற என்-கால் எங்கிருந்து வந்தது என்று சொல்வது கஷ்டம். சிஸ்டாட்டின் சி என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை உண்டு. தசை குறைந்த வயதானவர்களுக்குக் கிரியாட்டினினைவிட நம்பகமானது. ஸ்டீராய்டும் தைராய்டும் அதைக் குழப்பும்.

நீங்கள் ரத்தத்தைக் கேட்டீர்கள். என்னைக் கேட்டால் சிறுநீர்தான் பேசும். டிம்ப்-2, ஐஜிஎஃப்பிபி7 என்ற இரண்டு புரதங்களைச் சிறுநீரில் சேர்த்து அளக்கும் பரிசோதனைக்கு 2014-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2017-இல் வெளியான ஜெர்மனி ஆய்வு ஒன்றில், இதய ஆபரேஷன் முடிந்து இந்தப் பரிசோதனையில் ஆபத்து என்று தெரிந்த 276 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கூடுதல் கவனிப்பு. அவர்களில் 55 சதவீதம் பேருக்கும், மற்றவர்களில் 72 சதவீதம் பேருக்கும் பாதிப்பு வந்தது. நல்ல வித்தியாசம்தான். ஆனால் டயாலிசிஸ் தேவையிலோ இறப்பிலோ சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அந்தக் கூடுதல் கவனிப்பில் மந்திர மருந்து எதுவும் கிடையாது. ரத்த அழுத்தமும் திரவமும் சரியாக இருக்கிறதா என்று நெருக்கமாகப் பார்ப்பது, சில வகை பிபி மாத்திரைகளை இரண்டு நாள் நிறுத்தி வைப்பது, கிட்னியைக் கெடுக்கும் மருந்துகளைத் தவிர்ப்பது, சர்க்கரை ஏறாமல் காப்பது, அவ்வளவுதான். பரிசோதனை சில மணி நேரத்தைச் சம்பாதித்துத் தருகிறது. அந்த நேரத்தில் யாரும் எதையும் மாற்றப் போவதில்லை என்றால் அந்த ரிப்போர்ட் ஃபைலில் தூங்கும்.

பரிசோதனை வசதி இல்லாத ஐசியூவிலும் ஒரு பழைய வழி உண்டு. கட்டிலோரம் தொங்கும் யூரின் பையில் மணிக்கு மணி அளக்கிற சின்னப் பெட்டி இருக்கும். கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி என்பது கணக்கு. 70 கிலோ ஆளுக்கு 35 மில்லி. ஆறு மணி நேரம் அதற்குக் கீழே இருந்தால், கிரியாட்டினின் ஏறாவிட்டாலும் அது முதல் நிலைக் கிட்னி பாதிப்பு என்று 2012-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது. (சிறுநீர் பிரிய ஊசி போட்டிருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும்.) வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் நள்ளிரவு, டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு சொட்டுகூட இல்லை. பதறிப்போய் டாக்டரை எழுப்பினேன். அவர் வந்து போர்வையை விலக்கி, தொடைக்குக் கீழே மடங்கிக் கிடந்த டியூபை நேராக்கினார். பெட்டி நிரம்பி வழிந்தது. திட்டவில்லை, சிரித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும் முதலில் டியூபைத்தான் பார்ப்பேன்.

இப்போது உங்கள் அப்பாவுக்கு: ஆபரேஷனுக்கு முந்தைய கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எண்களை அதோடுதான் ஒப்பிட வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அப்புறம், எண் பழைய அளவுக்கு இறங்கிவிட்டாலும் மூன்று மாதம் கழித்து ஒரு முறை ரத்தமும் சிறுநீரும் பார்த்துவிடுங்கள். மார்புக் காயம் ஆறிய சந்தோஷத்தில் இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.